பழைய சர்வர் மக்கர் செய்தால்: பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய சர்வர் ஒன்று திணற ஆரம்பித்தால், புதிதாக வேலைக்கு வந்தவரின் கை முதலில் பவர் பட்டனுக்குத்தான் போகும். வீட்டுக் கணினியில் அணைத்துப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பழைய சர்வரில் பேக்கப் எடுக்கும் முன் அப்படிச் செய்யாதீர்கள். வருடக்கணக்கில் நிற்காமல் சுழன்ற டிஸ்க், ஒரு முறை நின்று ஆறிவிட்டால் மறுபடி சுழலும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பவர் சப்ளையும் அப்படித்தான்: உள்ளே உலர்ந்துபோன கெபாசிட்டர்கள் ஓடுகிற நிலையில் ஒப்பேற்றிக்கொண்டிருக்கும், அணைத்துவிட்டு மறுபடி போடும்போது கைவிட்டுவிடும். ஒரு பழுதைப் பார்க்கப் போய் மூன்று பழுதோடு திரும்புவது இப்படித்தான்.

உதாரணத்துக்கு டெல் பவர்எட்ஜ் ஆர்720 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்த 2யூ (ரேக்கில் இரண்டு அடுக்கு உயரம்) சர்வர். சியான் இ5-2600 வரிசையில் இரண்டு சிபியூ, டிடிஆர்3 ரேமுக்கு 24 ஸ்லாட், ஆறு ஃபேன், இரண்டு பவர் சப்ளை. இந்தத் தலைமுறைப் பெட்டிகள் இன்னும் ஏராளமான அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்களிடம் இருப்பது ஹெச்பி புரோலயன்டாகவோ சூப்பர்மைக்ரோவாகவோ இருந்தாலும் வழிமுறை இதேதான். விளக்கின் நிறமும் மெனுவின் பெயரும்தான் மாறும். சர்வரைக் கண்காணிக்கும் பகுதிக்கு டெல்லில் ஐடிராக் என்று பெயர், ஹெச்பியில் ஐலோ.

படி 1: சர்வர் ஓடுகிறதா? அப்படியானால் முதலில் பேக்கப்

உயிர் இருக்கும்போதே தரவை வெளியே எடுங்கள். டிஸ்க்கில்தான் சிக்கல் என்ற சந்தேகம் இருந்தால் மொத்தத்தையும் வரிசையாக நகலெடுக்கப் போகாதீர்கள். இழந்தால் திரும்பக் கிடைக்காதது முதலில்: டேட்டாபேஸ், பயனர்களின் கோப்புகள், அதன் பிறகு கான்ஃபிக் கோப்புகள். இயங்குதளத்தை மறுபடி நிறுவிக்கொள்ளலாம். பேக்கப் எடுத்த கோப்பை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் அதை பேக்கப் என்று கணக்கில் வையுங்கள்.

கூடவே கைபேசியில் சில படங்கள்: முன்பக்க விளக்குகள், பின்பக்கத்தில் எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது, ரெய்டு (பல டிஸ்க்கை ஒரே வரிசையாகச் சேர்த்து ஓட்டும் ஏற்பாடு) மெனுவில் எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது, பயாஸ் அமைப்பில் பூட் மோடு (இயங்குதளத்தை எழுப்பும் முறை) யூஈஎஃப்ஐயா பழைய பயாஸா. இந்தக் கடைசிப் படம் எதற்கு என்று இப்போது தோன்றும். படி 8-இல் தெரியும்.

படி 2: மூடியைத் திறக்கும் முன் லாக்கைப் படியுங்கள்

சர்வருக்குள் ஒரு குட்டிக் கணினி தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்720-இல் அதன் பெயர் ஐடிராக்7. சர்வர் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். ரேம், ஃபேன், வெப்பநிலை, மின்னழுத்தம் எல்லாவற்றையும் கவனித்து, கோளாறு கண்டால் சிஸ்டம் ஈவென்ட் லாக்கில் எழுதி வைக்கும். சுருக்கமாக எஸ்ஈஎல். பழுது பார்ப்பவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஐடிராக்கின் முகவரியை யாரும் மாற்றவில்லை என்றால் 192.168.0.120. பயனர்பெயர் ரூட், கடவுச்சொல் கால்வின். (இது உலகத்துக்கே தெரிந்த கடவுச்சொல். இன்னும் அதுவே இருந்தால் பழுது பார்க்கும் முன் அதை மாற்றுங்கள்.) பழைய ஐடிராக்கின் வலைப்பக்கத்தை இன்றைய பிரவுசர்கள் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்கலாம். மல்லுக்கட்ட வேண்டாம். எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாக உள்ளே போய் டெல்லின் ரேகேட்எம் கட்டளையில் எஸ்ஈஎல்லைக் கேட்டால் அதே பட்டியல் வரும். லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளை போதும்.

படிக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, நேரம். ஐடிராக்கின் கடிகாரம் தப்பாக இருந்தால் நேற்று நடந்தது ஐந்து வருடத்துக்கு முன் நடந்ததாகக் காட்டும். இரண்டு, லாக் நிரம்பிவிட்டதா என்பது. நிரம்பிய பிறகு புதிதாக எதையும் எழுதாத சர்வர்கள் உண்டு. “லாக்கில் ஒன்றுமே இல்லை” என்பதன் அர்த்தம் சில சமயம் “எழுத இடமில்லை” என்பதுதான். மூன்று, கடைசி வரியை விட அதற்கு முன்னால் இருக்கும் வரிகள். ஃபேன் நின்றது, வெப்பம் ஏறியது, சிபியூ எச்சரித்தது, சர்வர் அணைந்தது என்று வரிசையாக இருந்தால் குற்றவாளி ஃபேன். கடைசி வரியை மட்டும் பார்த்தவர் சிபியூ வாங்கக் கிளம்பிவிடுவார்.

சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்பது புகார் என்றால், இயங்குதளத்தின் லாக் எப்படி முடிகிறது என்று பாருங்கள். முறைப்படி சேவைகள் ஒவ்வொன்றாக நின்றிருந்தால் யாரோ, அல்லது ஏதோ ஒரு நிரல், அணைக்கச் சொல்லியிருக்கிறது. கர்னல் பேனிக் (இயங்குதளத்தின் மையமே நிலைகுலைவது) என்று வந்து நின்றிருந்தால் ரேம், டிரைவர் பக்கம் தேட வேண்டும். பாதி வரியில் வெட்டினாற்போல் நின்று, அடுத்த வரி புதிய பூட்டாக இருந்தால் பெரும்பாலும் மின்சாரம் போயிருக்கிறது. பவர் சப்ளை, யூபிஎஸ், பிளக் என்று போங்கள்.

லாக்கை ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு, அதன் பிறகு துடைத்துவிடுங்கள். இனி வருவதெல்லாம் புதுசு என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

படி 3: மின்சாரம்

இரண்டு பவர் சப்ளை இருக்கும் சர்வரில் ஒன்று செத்துப் பல மாதம் ஆகியும் யாருக்கும் தெரியாமல் இருப்பது சகஜம். மற்றொன்று மொத்தச் சுமையையும் தாங்கிக்கொண்டிருக்கும். பின்பக்கம் போய்ப் பாருங்கள். கைப்பிடியில் பச்சை நிலையாக எரிந்தால் நலம். ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) விட்டுவிட்டு எரிந்தால் பழுது. புதிதாகச் செருகியதும் பச்சை மினுக்கினால், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள். 750 வாட்டையும் 1100 வாட்டையும் ஜோடி சேர்க்கக் கூடாது.

ஆம்பர் எரிந்தவுடன் பவர் சப்ளையைக் குறை சொல்லிவிட வேண்டாம். முதலில் பவர் கார்டை மாற்றுங்கள். பிறகு பிளக் பாயின்ட்டை மாற்றுங்கள். பிறகுதான் பவர் சப்ளை. ஓடும்போதே கழற்றி மாட்டலாம். மற்றொன்றின் விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். மாட்டியபின் சர்வர் அதை அடையாளம் காண 15 விநாடி விடுங்கள்.

எர்த்தையும் ஒரு மல்டிமீட்டரால் பார்த்துவிடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். எர்த் சரியில்லாத இடத்தில் எத்தனை புதுப் பவர் சப்ளை போட்டாலும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பவர் சப்ளையையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகி வைத்திருந்தால் அந்த ஏற்பாட்டால் பாதிப் பயன்தான். யூபிஎஸ் பேட்டரி வீழ்ந்தால் இரண்டும் சேர்ந்தே வீழும்.

பவர் சப்ளை ஏன் வயதாகிறது? உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களில் ஈரமான ஒரு திரவம் இருக்கிறது. அது மெல்ல உலர்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. ஏசி சரியில்லாத அறையில் இருந்த சர்வரை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். பவர் சப்ளையைத் திறந்து நீங்களே கெபாசிட்டர் மாற்ற வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

படி 4: டிஸ்க்

பழைய சர்வரில் அதிகம் சாவது டிஸ்க்தான். அதிகமாகத் தப்பு நடக்கும் இடமும் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானம்.

ஆர்720-இல் டிஸ்க் தட்டில் இருக்கும் விளக்கைப் படிக்கப் பழகுங்கள். ஆம்பர் வேகமாக, விநாடிக்கு நான்கு முறை மினுக்கினால் டிஸ்க் போய்விட்டது. பச்சை, ஆம்பர், அணைதல் என்று மாறி மாறி வந்தால் “போகப் போகிறேன்” என்று முன்கூட்டியே சொல்கிறது. பச்சை மெதுவாக மினுக்கினால் ரீபில்ட் (மாற்று டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்புவது) நடக்கிறது, கை வைக்காதீர்கள்.

விளக்கு சொல்லாததை, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் தகவல் சொல்லும். ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பில் இருக்கும் கட்டளையால் பார்க்கலாம். ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கை அது நேரடியாகக் காட்டாது. மெகாரெய்டு வகை என்றும் டிஸ்க் எண் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். டிஸ்க்குகள் இணைப்பைப் பொறுத்து சாட்டா, எஸ்ஏஎஸ் என்று இரண்டு வகை. சாட்டா டிஸ்க்கில் கவனிக்க வேண்டிய எண்கள் இவை:

- 5: மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்). சிறிய எண்ணில் நிலையாக நின்றால் பரவாயில்லை. வாரா வாரம் ஏறினால் மாற்றுங்கள்.
- 197: படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் நம்பாதீர்கள்.
- 198: சோதனையிலும் படிக்க முடியாதவை. இதுவும் அப்படியே.
- 199: தரவு வரும் வழியில் பிழை. இது ஏறினால் டிஸ்க்கை விடக் கேபிள், பேக்பிளேன் (டிஸ்க்குகள் செருகும் பலகை) பக்கம் சந்தேகப்படுங்கள்.
- 9: ஓடிய மணி நேரம். ஒரு வருடத்துக்கு 8,760. 80,000 என்று காட்டினால் ஒன்பது வருடத்துக்கு மேல் ஓடிய டிஸ்க்.

எஸ்ஏஎஸ் டிஸ்க்கில் இந்த எண்கள் இருக்காது. அங்கே குரோன் டிஃபெக்ட் (ஓட ஓடச் சேர்ந்த பழுதிடங்கள்) பட்டியலின் நீளத்தையும், திருத்த முடியாத பிழைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள்.

இப்போது கழற்றும் வேலை. ஸ்லாட் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. மென்பொருள் “டிஸ்க் 2” என்றால் அது மூன்றாவது டிஸ்க். ஐந்து டிஸ்க் ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் போனால் மட்டுமே தாங்கும் வகை) ஏற்கெனவே ஒன்று போயிருக்க, எண்ணைத் தப்பாகப் படித்து நல்ல டிஸ்க்கை உருவினால் அந்தக் கணமே மொத்த வரிசையும் இறங்கிவிடும். அதனால் எண்ணை நம்பாமல் விளக்கை நம்புங்கள். ரெய்டு மென்பொருளில் அந்த டிஸ்க்கை மினுக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. மினுக்கவிட்டு, அதன் சீரியல் எண்ணையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகு உருவுங்கள். உருவும்போது முதலில் ஒரு அங்குலம் மட்டும் இழுத்து, உள்ளே தட்டுகள் சுழல்வது நிற்க அரை நிமிடம் விட்டு முழுதாக வெளியே எடுங்கள்.

மாற்று டிஸ்க் பழையதன் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஒரே வரிசைக்குள் எஸ்ஏஎஸ்ஸையும் சாட்டாவையும் கலக்கக் கூடாது. எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) டிஸ்க் வேண்டாம். ரீபில்ட் மாதிரி இடைவிடாத எழுத்து வேலையில் அது ஊர்ந்துபோகும்.

ரீபில்டுக்கு எவ்வளவு நேரம்? 4 டிபி டிஸ்க்கில் விநாடிக்கு 100 எம்பி என்று வைத்தாலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல். பகலில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இரட்டிப்பாகும். அந்த நேரம் முழுக்க மிச்ச டிஸ்க்குகள் ஒவ்வொரு செக்டராகப் படிக்கப்படுகின்றன. அவையும் அதே வயது, அதே வெப்பத்தில் வெந்தவை. ரெய்டு 5 ரீபில்டின்போது இரண்டாவது டிஸ்க் விழுவது துரதிர்ஷ்டம் இல்லை, எதிர்பார்க்க வேண்டியது. சாதாரண டிஸ்க் தயாரிப்பாளர்கள் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு படிக்க முடியாத பிழை என்று அட்டையில் போடுகிறார்கள். அது 12.5 டிபி. பெரிய டிஸ்க்குகளை ரெய்டு 5-இல் போட்டிருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். படி 1-இல் பேக்கப் என்று அத்தனை வற்புறுத்தியது இதற்காகத்தான்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டிஸ்க் காணாமல் போனதாகக் காட்டினால் அவ்வளவும் செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். பேக்பிளேன், அதற்குப் போகும் கேபிள், ரெய்டு கார்டு இவற்றில் ஒன்று நழுவியிருக்கலாம். அணைத்து, கேபிளைக் கழற்றி அழுத்தி மாட்டி, மறுபடி போட்டால் ரெய்டு கார்டு “ஃபாரின் கான்ஃபிகரேஷன் (டிஸ்க்குகளில் ஏற்கெனவே எழுதியிருக்கும் ரெய்டு விவரம்) இருக்கிறது” என்று கேட்கும். அங்கே இம்போர்ட் என்றும் கிளியர் என்றும் இரண்டு வழி இருக்கும். கிளியர் கொடுத்தால் டிஸ்க்குகளில் எழுதியிருக்கும் ரெய்டு விவரம் அழியும். இனிஷியலைஸ் என்பது அதைவிட மோசம், தரவையே அழிக்கும். இரண்டு டிஸ்க் வேறு வேறு நாளில் விழுந்திருந்தால் இம்போர்ட்டும் ஆபத்து, ஏனென்றால் முதலில் விழுந்ததில் இருப்பது பழைய தரவு. பேக்கப் இல்லாமல் இந்த இடத்துக்கு வந்து நின்றால் எந்தப் பட்டனையும் தொடாமல் தரவு மீட்பவரிடம் கொண்டுபோவது நல்லது. தனி டிஸ்க் என்றால் முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள், மேப் கோப்பை (எது நகலானது என்ற குறிப்பு) வைத்துக்கொண்டு. பரிசோதனையெல்லாம் நகலில் நடக்கட்டும்.

படி 5: எல்லாம் ஓடுகிறது, ஆனால் எழுதுவது மட்டும் மெதுவாக இருக்கிறது

இந்தப் புகாரில் பலர் டிஸ்க்கை மாற்றிவிட்டு ஏமாறுவார்கள். ரெய்டு கார்டில் ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் கேஷில் (கார்டின் தற்காலிக நினைவகம்) இருக்கும், இன்னும் டிஸ்க்குக்குப் போகாத தரவைக் காப்பாற்ற. அந்தப் பேட்டரி செத்தால் கார்டு தானாகவே ரைட்-பேக்கிலிருந்து ரைட்-த்ரூவுக்கு மாறிவிடும். அதாவது ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க்கில் போய் உட்காரும்வரை காத்திருக்கும். டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் இதன் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தீர்வு பேட்டரி மாற்றுவது. பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்-பேக்கில் ஓடு என்று கட்டாயப்படுத்தும் அமைப்பும் மெனுவில் இருக்கும். வேகம் உடனே திரும்பிவிடும், எல்லோரும் பாராட்டுவார்கள், அடுத்த முறை கரண்ட் போகும்போது டேட்டாபேஸ் சிதைந்துவிடும். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாமல், குத்தாமல் எடுத்து இ-கழிவில் கொடுங்கள்.

படி 6: ரேம்

சர்வர் ரேமில் ஈசிசி இருக்கிறது. 64 பிட் தரவோடு 8 பிட் சரிபார்ப்பும் சேர்ந்து போகிறது. ஒரு பிட் மாறினால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு பிட் மாறினால் கண்டுபிடிக்கும், திருத்த முடியாது, சர்வரை நிறுத்திவிடும். எனவே திருத்தப்பட்ட பிழைகள்தான் முன்னெச்சரிக்கை. எப்போதாவது ஒன்று வந்தால் பொருட்படுத்த வேண்டாம். ஒரே ஸ்லாட்டின் பெயர் திரும்பத் திரும்ப எஸ்ஈஎல்லில் வந்தால், வரம்பு மீறிவிட்டது என்று எம்ஈஎம்0701 குறியீடு காட்டினால், அது மாற்ற வேண்டிய ரேம். அல்லது மாற்ற வேண்டிய ஸ்லாட். எது என்று எப்படித் தெரியும்?

இடம் மாற்றிப் பார்ப்பதுதான் வழி. ஏ3 மேல் புகார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ வரிசை முதல் சிபியூவுக்கு, பி வரிசை இரண்டாவதுக்கு. சர்வரை அணைத்து, இரண்டு பவர் கார்டையும் உருவி, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கையில் ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டை கட்டுங்கள். ஏ3-இல் இருக்கும் ரேமையும் பி3-இல் இருப்பதையும் மாற்றிப் போடுங்கள். தங்கநிறத் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம்மூரில் கைவந்த வைத்தியம், ஆனால் ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதுவே புதிய பழுது.

லாக்கைத் துடைத்துவிட்டு ஓடவிடுங்கள். புகார் பி3-க்கு மாறினால் ரேம் கெட்டது. ஏ3-லேயே நின்றால் ஸ்லாட், அல்லது சிபியூ. ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி சிபியூவுக்குள்ளேயே இருக்கிறது என்பதால் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தால்கூட ஒரு ஸ்லாட் மட்டும் மக்கர் செய்யும். இரண்டையும் மாற்றிப் போட்டதும் புகாரே மறைந்துவிட்டால் தொடுமுனையில் அழுக்கு இருந்திருக்கிறது. ஒரு மாதம் கவனியுங்கள்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓட்டலாமா? ஓட்டலாம், ஓர் இரவு முழுக்க. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. திருத்தப்பட்ட பிழைகளை ஈசிசி மறைத்துவிடுவதால், மெம்டெஸ்ட் திரையில் பூஜ்யம் காட்டும்போதே எஸ்ஈஎல்லில் பிழைகள் குவிந்திருக்கலாம். காலையில் இரண்டையும் பாருங்கள்.

புது ரேம் வாங்கும்போது ஆர்டிம்மா, யூடிம்மா, எல்ஆர்டிம்மா என்று பழையதன் லேபிளைப் பார்த்து அதே வகை வாங்குங்கள். கலந்தால் பூட் ஆகாது. மேசைக் கணினியின் ரேம் ஸ்லாட்டில் உட்கார்வதால் மட்டும் அது பொருந்தும் என்று ஆகாது.

படி 7: சூடும் சத்தமும்

ஃபேன்கள் திடீரென ஜெட் விமானம்போல் இரைந்தால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஒரு ஃபேன் நின்றதால் மற்றவை ஈடுகட்டுகின்றன, உண்மையிலேயே சூடு ஏறியிருக்கிறது, அல்லது யாரோ சர்வருக்குத் தெரியாத வெளிக்கம்பெனி பிசிஐ கார்டு ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். மூன்றாவது பழுதே இல்லை. கார்டின் சூட்டை அளக்க முடியாததால் சர்வர் முன்ஜாக்கிரதையாக ஃபேனை ஏற்றிவிடுகிறது.

தூசு தட்டும்போது புளோயரை நேராக ஃபேன் மேல் பிடித்துச் சுற்றவிடாதீர்கள். தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போகும், மோட்டார் ஜெனரேட்டர்போல் பின்னோக்கி மின்சாரம் அனுப்பும். ஒரு விரலால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சர்வரை வெளியே எடுத்துப் போய் ஊதுவது நல்லது, ஆனால் டிஸ்க்குகளோடு சேர்ந்தால் 30 கிலோ அளவில் கனக்கும். இரண்டு பேர் வேண்டும்.

மூடியைத் திறந்து வைத்து ஓட்டினால் குளிரும் என்பது தப்புக் கணக்கு. மூடி இருந்தால்தான் காற்று முன்னாலிருந்து டிஸ்க், சிபியூ, ரேம் வழியாகப் பின்னால் போகும். திறந்து வைத்தால் பாதி வழியிலேயே மேலே போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் மூடியின்றி ஓட்டாதீர்கள் என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. காலி இடங்களில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிகளும் அழகுக்கு வைத்தவை அல்ல.

ஒரு சிபியூ மட்டும் மற்றதைவிட மிகச் சூடாக இருந்தால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஹீட்சிங்க் திருகுகளில் ஒன்றைத் தளர்த்தி 30 விநாடி விட்டு அடுத்ததைத் தளர்த்துங்கள். காய்ந்த பேஸ்ட் ஒட்டிப் பிடித்திருக்கும், வெடுக்கென்று இழுத்தால் சிபியூவுக்கும் சாக்கெட்டுக்கும் சேதம் வரலாம். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதியது போதும்.

படி 8: தேதி பின்னோக்கிப் போகிறது

போர்டில் இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி 3 வோல்ட். பத்து வருடத்தில் அது தீர்ந்திருக்கும். அறிகுறி வேடிக்கையாக வரும்: கரண்ட் போய் வந்தபின் தேதி மாறியிருக்கும், அதனால் சான்றிதழ்கள் செல்லாது என்று வலைச்சேவைகள் மறுக்கும், லாகின் ஆகாது. எல்லோரும் நெட்வொர்க்கில் தேடிக்கொண்டிருப்பார்கள். பேட்டரி விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட வராது. மாற்றியபின் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போயிருக்கலாம். பூட் மோடு மாறிவிட்டால் “பூட் டிவைஸ் இல்லை” என்று வரும், டிஸ்க் போய்விட்டதென்று பதறுவீர்கள். படி 1-இல் எடுத்த படம் இப்போது உதவும்.

படி 9: ஒன்றுமே எழவில்லை

மின்சாரம் கொடுத்தவுடன் பவர் பட்டனை அழுத்தி, “செத்துவிட்டது” என்று சொல்பவர்கள் பலர். ஐடிராக் விழித்தெழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை பட்டன் பதில் சொல்லாது. பொறுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேலும் அசையாவிட்டால் முன்பக்கம் ஐ என்று எழுதிய பட்டனை 15 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். ஐடிராக் மட்டும் ரீசெட் ஆகும். அதற்கும் மசியாவிட்டால் பவர் கார்டுகளை உருவி மின்சாரத்தை வடியவிட்டு மறுபடி.

அப்படியும் இல்லையென்றால் சர்வரை எலும்புக்கூடாக்குங்கள். ஒரு பவர் சப்ளை, முதல் சாக்கெட்டில் ஒரே சிபியூ, ஏ1-இல் ஒரே ரேம், ஃபேன்கள், ஹீட்சிங்க். டிஸ்க்குகளைத் தலா இரண்டு அங்குலம் வெளியே இழுத்து வையுங்கள், வரிசை மாறாமல். பிசிஐ கார்டுகள், வெளி யூஎஸ்பி எதுவும் வேண்டாம். இந்த நிலையில் திரை வந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது. இனி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பாகம். நேரம் மிச்சமாகட்டும் என்று நான்கு ரேமைச் சேர்த்துப் போட்டால், நின்றுபோகும்போது நான்கையும் மறுபடி கழற்ற வேண்டிவரும். இரண்டாவது சிபியூ இல்லாதபோது அதைச் சார்ந்த ரேம் ஸ்லாட்டுகளும் சில பிசிஐ ஸ்லாட்டுகளும் வேலை செய்யாது. அது பழுதல்ல.

திரை வராவிட்டால் ரேமை மாற்றிப் பாருங்கள், பிறகு சிபியூ இரண்டையும் இடம் மாற்றி, பிறகு பவர் சப்ளையை. மூன்றும் மாற்றியும் இருட்டாகவே இருந்தால் மிச்சம் போர்டுதான்.

எதை வாங்குவது, எங்கே நிறுத்துவது

டிஸ்க், பேட்டரி, ஃபேன், பவர் சப்ளை, ரேம் ஆகியவை மாற்றத் தக்கவை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ இணையத்திலோ பழைய பாகம் வாங்கும்போது பெயரை நம்பாமல் லேபிளில் இருக்கும் பார்ட் எண்ணைப் பொருத்திப் பாருங்கள். டிஸ்க்கை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். பழைய பவர் சப்ளை வாங்கினால் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள்.

மதர்போர்டு போனால் கணக்கு வேறு. போர்டு கிடைக்கும், மாற்றவும் முடியும். ஆனால் அதே மாடல் சர்வர் இன்னொன்றை முழுசாக வாங்கி, டிஸ்க்குகளையும் ரெய்டு கார்டையும் அதே ஸ்லாட் வரிசையில் அதற்கு மாற்றுவது பல சமயம் சுலபம். கார்டு டிஸ்க்குகளில் இருக்கும் ரெய்டு விவரத்தைப் படித்து இம்போர்ட் செய்யவா என்று கேட்கும். மிச்சமிருக்கும் பழைய பெட்டியை உதிரிபாகக் கிடங்காக அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் தேதி, ஸ்லாட், சீரியல் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி சர்வர் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை மூடியைத் திறப்பது வேறு ஆளாக இருக்கலாம்.